பாலத்தடி

அக்கா,

எங்கள் தெருவில் ரோடு போடுகிறார்கள். காலையிலிருந்து தார் டிரம்முக்கு அடியில் விறகு எரிகிறது. பக்கத்து வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிட்டார். நான் திறந்து வைத்திருக்கிறேன். நாமக்கல்லில், ஆற்றுக்கும் அணைக்கும் சம்பந்தமில்லாத ஒரு தெருவில் உட்கார்ந்திருந்தாலும், உருகும் தாரின் வாசனை வந்தால் எனக்கு ரோடு நினைவுக்கு வருவதில்லை. மணலில் கவிழ்த்துப் போட்ட பரிசலும், அதன் முதுகுக்குத் தார் பூசிக்கொண்டு முழங்கை வரைக்கும் கறுத்து நிற்கிற நீயும்தான் நினைவுக்கு வருகிறீர்கள்.

உனக்கு எழுத்துத் தெரியாது. நீ இருந்தபோது நான் போட்ட கடிதங்களை உன் மகள்தான் படித்துக் காட்டுவாள். முடித்ததும், "இத்தாப் பெரிய காயிதத்துல இவ்வளவுதானா? நடுவுல எதையோ முழுங்கறே" என்று அவளைத் திட்டுவாயாம். இதை அவளுக்கும் அனுப்பப் போவதில்லை. ஆகவே யாரும் எதையும் விழுங்க வழியில்லை.

மேட்டூர் அணைக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எழுபதுகளின் பின்பாதி. சேலத்தில் விலங்கியல் படித்து முடித்திருந்தேன். நீர்த்தேக்கத்தில் என்னென்ன மீன், எவ்வளவு நீளம், எந்த வலையில், எந்த இடத்தில் பிடிபடுகிறது என்று தினமும் எழுதி வைக்க மீன்வளத் துறையில் ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை. ஒழுங்காகச் செய்தால் இன்னொரு மூன்று மாதம், அப்படியே நீளும். சேந்தமங்கலத்தில் என் அப்பா, "இத்தன படிச்சது மீனு அளக்கறதுக்கா?" என்று கேட்டார். பிறகு, "செரி, மாப்பிள்ளை அமையற வரைக்கும் போய்ட்டு வா" என்று அனுப்பினார். வேலை போனால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், திரும்பினால் கல்யாணம். எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒப்பந்தம் அது.

கொளத்தூர் பக்கத்துக் கரைக்கு விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். மலைகளுக்கு நடுவே தண்ணீர் எதிர்க்கரை தெரியாமல் கிடக்கும். முந்தின சாயங்காலம் போட்ட வலைகளை எடுத்துக்கொண்டு பரிசல்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வரும். மீனை அளவுப் பலகையில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரைக்கும் அளந்து, நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் உன் பரிசலில் என் கை நீளத்துக்கு ஒரு கட்லா வந்திருந்தது. நான் அதை அளந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே உன் குரல் கேட்டது.

"ஏனுங்க நோட்டுக்காரம்மா, மூக்குல புடிச்சு வாலு மட்டும் அளக்கறீங்களே, சட்டை தெய்க்கப் போறீங்களா?"

"இல்லீங்க, வளர்ச்சி வீதம் பாக்கறது" என்றேன்.

கரையே சிரித்தது. உன் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் வலையை உதறிக்கொண்டிருந்தார். நீ குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஓலைத் துண்டை எடுத்து எனக்கு முன்னால் போட்டாய். "மண்ணுல மண்டி போடாதீங்க. சீலை நாறிப்போகும்" என்றாய். கேலியும் கரிசனமும் உன்னிடம் ஒரே மூச்சில் வரும். எது எப்போது வரும் என்று கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு வாரம் 'நீங்க' போட்டுப் பேசினாய். நானும் 'நீங்க' என்றேன். பிறகு ஒரு நாள், "நீயி என்னய நீங்க நாங்கன்னா, பொறகால வேற யாரு நிக்கறான்னு திரும்பிப் பாக்க வேண்டியிருக்குது. உனக்கும் எனக்கும் நாலு வயசுதான் வித்தியாசம். அக்கான்னு கூப்புடு" என்று முடித்துவிட்டாய். அன்றிலிருந்து நான் உனக்கு அம்மிணி.

அந்தக் கரையில் கணவனும் மனைவியும் ஒரே பரிசலில் போவது புதிதல்ல. ஆண் வலையை விடுவார், பெண் துடுப்புப் போடுவாள். இடத்தைத் தீர்மானிப்பது ஆண். உங்கள் பரிசலில் மட்டும் அது தலைகீழ். எங்கே வலை விழ வேண்டும் என்பதை நீதான் சொல்வாய். இதைப் பற்றி உன் வீட்டுக்காரரிடம் ஒரு முறை கேட்டேன். "எனக்கு மேல் தண்ணிதானுங்க தெரியும். அடித் தண்ணி அவளுக்குத்தான் தெரியும்" என்றார். கூச்சமே இல்லாமல், அதில் கொஞ்சம் பெருமையோடுகூட. கல்யாணமான புதிதில் உன் மாமனாருக்கு நீ துடுப்புப் போட்டிருக்கிறாய். எங்கே எது இருக்கிறது என்று அவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாராம். மகன் காதில் விழாதது மருமகள் காதில் விழுந்திருக்கிறது.

உன் வலையில் பெரிய மீன்கள் வந்தன. வலை கிழிவதும் குறைவு. மற்றவர்கள் வாரம் முழுக்க உட்கார்ந்து பொத்தல் தைப்பார்கள். நீ அரை நாளில் முடித்துவிட்டுத் தார் பூசப் போய்விடுவாய். "எங்க புடிச்சீங்க?" என்று நான் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் சொல்வாய். "சந்தைமேட்டுல." "நாயக்கர் கெணத்துல." ரொம்ப நாள், "பாலத்தடியில அம்மிணி." நோட்டில் 'பிடித்த இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நீ சொன்னதை அப்படியே அதில் எழுதினேன். கரையோரத்தில் அந்தப் பேர்களில் இடங்கள் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்துவிடும். கல்லூரி முடித்துவந்த கர்வத்தில் அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

ஐப்பசியில் அணை நிறைந்தது. என் கூடப்பிறந்த அக்காவுக்கு வளைகாப்பு என்று நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். கரையில் உன் பரிசல் கவிழ்ந்து கிடந்தது. தார் பூசுவதற்குக் கவிழ்த்ததல்ல. கயிறு கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து, மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். நீ அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாய்.

"என்னக்கா இது?"

"பாலத்தடிய மூடிப்போட்டாங்களாமா."

"மூடறதுன்னா?"

"இனி அங்க வல போடக் கூடாதாமா. புதுச் சட்டம். நாளைக்குச் சந்தைமேட்டையும் மூடுவாங்க. அப்புறம் நாமெல்லாம் தண்ணியப் பாத்துக்கிட்டுக் கரையில குந்தியிருக்க வேண்டியதுதான்."

சுற்றியிருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். பாலத்தடிக்கு ஏன் தடை என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மீன் குஞ்சு விடப் போகிறார்கள் என்றார் ஒருவர். சினிமாக்காரர்கள் வரப் போகிறார்கள் என்றார் இன்னொருவர்.

மீன்வளத் துறை ஆய்வாளர் உன்னை அலுவலகத்துக்கு அழைத்து விசாரித்ததை நீ நடித்தே காட்டினாய். "'பாலத்தடியில வல போட்டியாம்மா?'ன்னாரு. 'ஆமாங்க சார்'ன்னேன். 'எத்தன நாளா?'ன்னாரு. 'எனக்குக் கண்ணாலம் ஆன நாளா'ன்னேன். மனுசன் பேனாவக் கீழ வெச்சுட்டு என்ற மூஞ்சியவே பாத்தாரு. 'பயமே இல்லயா?'ன்னாரு. 'என்னத்துக்குங்க பயம், எங்க மாமன் காட்டிக் குடுத்த எடம்'ன்னேன். எழுதிக் கைநாட்டு வாங்கிக்கிட்டாரு."

சொல்லும்போது சிரித்தாய். ஆனால் உன் உரிம அட்டையை அவர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அட்டையைப் புதுப்பிக்கும் மாதம். இத்தனை பரிசலுக்குத்தான் உரிமம் என்று கணக்கு இருந்தது. புதுப்பிக்காமல் ஓர் அட்டை விழுந்தால் அது காத்திருக்கிற வேறொருவருக்குப் போய்விடும். பிறகு வாழ்நாளில் திரும்பாது. அதை அங்கே யாரும் உரக்கச் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் மட்டும் கிழியாத வலையை விரித்துப் போட்டு, பொத்தல் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் அலுவலகத்தில் உன் மேல் போட்ட வழக்கின் கோப்பைப் பார்த்தேன். மேலே என் நோட்டிலிருந்து பிரித்தெடுத்த தாள்கள் இருந்தன. என் கையெழுத்தில் வரிசையாக, 'பாலத்தடி', 'பாலத்தடி', 'பாலத்தடி'. ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் ஆய்வாளர் எழுதியிருந்தார்: 'பதினாறு கண் பாலத்தின் அடியில், தடை செய்யப்பட்ட பகுதி.'

மேட்டூரில் பாலம் என்றால் எல்லோருக்கும் அணையை ஒட்டி உபரி நீர் வெளியேறுகிற அந்தப் பதினாறு கண் பாலம்தான். அதன் பக்கத்தில் வலை போடக் கூடாது. அது பழைய சட்டம், எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஆனால் நீ அதைப் பாலம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. 'பதனாறு கண்ணு' என்பாய். அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு முதன்முதலாக அந்தக் கேள்வி வந்தது. அப்படியானால் நீ சொல்கிற பாலம் எது?

சாயங்காலம் கரையில் ஒரு கிழவரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். தண்ணீரின் நடுவே கையைக் காட்டினார். "அதா, அங்க. அணை கட்டறதுக்கு முந்தி ரோடு போச்சில்ல, ஓடை மேல ஒரு பாலம். சித்திரையில தண்ணி எறங்குனா முதுகு தெரியும். இப்ப உள்ள கெடக்குது." சந்தைமேடும் நாயக்கர் கிணறும்கூட உள்ளேதான் கிடந்தன. இரண்டு மாதமாக நான் தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஓர் ஊரின் விலாசங்களை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா, இதை உன்னிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நான் சொன்னால் தப்பு என் நோட்டில் என்று ஆகும். இரண்டாவது மூன்று மாதம் கிடைக்காது. சேந்தமங்கலத்தில் ஜாதகக் கட்டு தயாராக இருந்தது. தானாகச் சரியாகிவிடும், ஆய்வாளருக்கு யாராவது சொல்லிவிடுவார்கள் என்று இரண்டு இரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் காலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டோரக் கடலைக்காட்டில் நீ கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாய். எல்லோரும் குனிந்து முன்னால் போக, நீ மட்டும் பத்தடி பின்தங்கியிருந்தாய். எதிலும் நீ பின்தங்கி நான் பார்த்ததில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

வரப்பில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாய். "பதனாறு கண்ணுக்குக் கீழயா? அங்க போயி எவ வல போடுவா?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். பிறகு ஆய்வாளரின் கேள்விக்கு நீ சொன்ன பதில்கள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது.

"அப்ப நீ எழுதுனத வெச்சா?"

"ஆமாக்கா."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"முந்தாநேத்து."

"ஏஞ் சொல்லுல?"

"பயமா இருந்துச்சு. வேலை போயிருமுன்னு."

நீ கையிலிருந்த களைக்கொத்தின் மண்ணைத் தட்டினாய். "எனக்குப் போயிருச்சே அம்மிணி" என்றாய்.

அதில் கோபமில்லை, குத்தலுமில்லை. மழை வந்திருச்சே என்று சொல்வதுபோலச் சொன்னாய். நான் அழ ஆரம்பித்தேன். நீ என்னைத் தேற்றவில்லை. நீ செய்த பல காரியங்களில் இன்றைக்கும் நான் அதிகமாக மதிப்பது இதைத்தான். அன்று தேற்றியிருந்தால் நான் அங்கேயே அழுது, மன்னிப்பு வாங்கிக்கொண்டு, மனப்பாரம் குறைந்து பஸ் ஏறியிருப்பேன். நீ எழுந்து சீலையை உதறினாய்.

"எந்திரி. ஆபீசுக்குப் போலாம். அழுவறத வந்து அழுதுக்கலாம்."

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. கடலோர ஊரிலிருந்து மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் இறங்கின அணையை அவர் பார்த்ததே இல்லை. நான், "பேர்க் குழப்பம் சார்" என்று ஆரம்பித்தேன். என் தப்பு என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. அவர் வரைபடத்தை மேசையில் விரித்தார். நீ சொன்ன இடத்தில் நீலம் மட்டும்தான் இருந்தது.

"இங்க பாலம் எதுவும் இல்லையேம்மா."

"காயிதத்துல இல்லீங்க சார். தண்ணியில இருக்குது."

"கரையில கேட்டா எல்லாரும் உங்களுக்குத்தானே சாதகமா சொல்லுவாங்க?"

"அவங்களக் கேக்க வேண்டாமுங்க. வந்து நீங்களே தொட்டுப் பாருங்க."

அவர் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். மறுநாள் காலை வந்தார்.

உன் பரிசலில் அரக்கு இருந்ததால் பக்கத்து வீட்டுப் பரிசலை வாங்கினாய். ஏறி நின்று இரண்டு முறை துடுப்பைக் குத்திப் பார்த்துவிட்டு, "அடுத்தவங்க செருப்பப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்குது" என்று முணுமுணுத்தாய். ஆய்வாளர் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்து, நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போனவருக்கு முன்னும் பின்னும் இல்லாத வட்டமான ஒன்றில் உட்காருவது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா இது, சுத்திக்கிட்டே இருக்கு?"

"அது அப்படித்தானுங்க சார். நாலு பக்கமும் பாத்துக்கிட்டே போலாம். டிக்கட்டு இல்லீங்க."

உன் வீட்டுக்காரர் கரையில் நின்றார். பரிசலில் நாம் மூன்று பேர், ஒரு கயிறு, அதன் நுனியில் கட்டிய கருங்கல். கயிற்றில் நீ இரண்டு கையையும் விரிக்கிற நீளத்துக்கு ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு ஓர் ஆள் ஆழம்.

கரையிலிருந்து நேராக நடுத் தண்ணீருக்குப் போனாய். எதிர்க்கரை மலையில் உனக்கு ஏதோ அடையாளம் இருந்தது. அன்று அந்தப் பக்கம் முழுக்க மஞ்சு மூடிக்கிடந்தது. "இங்கதான்" என்று கல்லை விட்டாய். ஐந்து முடிச்சு போயிற்று. சேறு. கொஞ்சம் தள்ளி மறுபடி விட்டாய். ஐந்து. மூன்றாம் முறை ஐந்தரை. காற்று கிளம்பிவிட்டது. அடுத்தவர் பரிசல் நீ நினைத்த பக்கம் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. ஆய்வாளர் என்னைப் பார்த்தார். இரக்கமான பார்வைதான், அதுதான் பயமாக இருந்தது.

"போதும்மா. திரும்பலாம்" என்றார்.

நான், "அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் போட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

"சித்த வாய மூடு அம்மிணி."

துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாய். உன் உதடு அசைந்தது. பிறகு பரிசலைத் திருப்பிக் கரையைப் பார்த்து வலித்தாய். தோற்றுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ போனது நாம் ஏறின இடத்துக்கு அல்ல. அதற்கும் அக்கட்டால், அந்தப் பக்கமாக, கரையில் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே ஜல்லி பெயர்ந்த ஒரு பழைய ரோடு இறங்கி வந்து தண்ணீருக்குள் போகிற இடத்துக்கு. அங்கே பரிசலை நிறுத்தி, எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாய்: "நடுவுல போயித் தேடுனா எனக்குத் தெரியாதுங்க. எங்க மாமன் இங்கிருந்துதான் வருவாரு. வர்ற வழியில வந்தாத்தான் எனக்கு வரும்."

பிறகு ரோட்டில் போக ஆரம்பித்தாய். அப்படித்தான் சொல்ல வேண்டும். துடுப்பை ஒரே சீராகக் குத்தி இழுத்தாய். உன் மாமனார் பேசிய பேச்சை நீ பேசினாய், எங்களுக்காக அல்ல. "சந்தைமேடு இக்கட்டால. கொல்லன் பட்டறை. நாயக்கர் கெணறு, இங்க தண்ணி குடிச்சுட்டுப் போகோணும்." கண்ணுக்கெட்டிய வரைக்கும் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. திடீரென்று பரிசலை இடது பக்கம் சாய்த்து வளைத்தாய்.

ஆய்வாளர் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, நேராப் போனா என்ன?" என்றார்.

"ரோடு வளையுதுங்களே சார்" என்றாய்.

அவரும் இடது பக்கம் சாய்ந்துகொண்டார். நானும் தண்ணீரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு உன் தோளைப் பார்க்க ஆரம்பித்தேன். இன்னொரு வளைவு. ஒரு இறக்கம் என்றாய், அதற்கேற்பக் கை கொஞ்சம் வேகமெடுத்தது. பிறகு நிறுத்தினாய்.

"உடுங்க சார். நீங்களே உடுங்க."

அவர் கல்லை விட்டார். ஒரு முடிச்சு. இரண்டு. கயிறு தளர்ந்தது. கல் எதன்மேலோ மோதிய அதிர்வு அவர் கைக்கு வந்ததை அவர் முகத்தில் பார்த்தேன். பரிசலை ஒரு முழம் நகர்த்தினாய். "இப்ப உடுங்க." ஐந்து முடிச்சு. இந்தப் பக்கம் நகர்த்தினாய். இரண்டு. அந்தப் பக்கம், ஐந்து. அவர் குழந்தை மாதிரி விட்டு விட்டு எடுத்தார். கடைசியில் கல்லை மேலே தூக்கியபோது அதன் ஒரு முனையில் செங்கல் சிவப்பு அப்பியிருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இங்க எதுக்கு மீன் வருது?" என்று கேட்டார். அவர் குரல் மாறியிருந்தது.

"பாலத்துக் கண்ணுக்குள்ள நெழலு இருக்குதுங்க சார். மீனுக்கும் நெழலு வேணுமில்லீங்களா? வலைய மட்டும் செவுத்துல படாம ஒரு சாண் தூக்கிப் போடோணும். இல்லீன்னா கிழிச்சுப் போடும்."

அந்தப் பாலத்துக்கு மேலே மிதந்துகொண்டுதான் நான் வாயைத் திறந்தேன். "சார், அக்கா சொன்னதத்தான் எழுதுனேன். எந்தப் பாலம்னு நான் கேக்கவே இல்ல. தப்பு என்னுது." நீ திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பு மட்டும் ஒரு முறை நின்று, மறுபடி விழுந்தது.

அலுவலகத்தில் ஆய்வாளர், "இதை எழுத்துல கொடுங்க. இல்லேன்னா நான் பிடிச்சதுக்கும் காரணம் இருக்காது, விட்டதுக்கும் காரணம் இருக்காது" என்றார். உட்கார்ந்து எழுதினேன். இடத்தின் பெயரைச் சரிபார்க்காமல் பதிவு செய்தது என் பிழை என்றும், இனி அந்த இடத்தை 'நீரில் மூழ்கிய பழைய சாலைப் பாலம்' என்று திருத்திக்கொள்ளும்படியும் எழுதினேன். நீ, "படி, கேக்கறேன்" என்றாய். படித்தேன்.

"அதென்ன மூழ்குன பாலம்?"

"குழப்பம் வராம இருக்கட்டும்னுதான்க்கா."

"பேரு பாலத்தடி. அத மாத்தாத. கொழப்பமா இருந்தா அவங்க பாலத்துக்கு வேற பேரு வெச்சுக்கட்டும். அவங்களுதுதான பொறவு வந்தது."

ஆய்வாளர் முதன்முதலாகச் சிரித்தார். தாளை என்னிடமிருந்து வாங்கி, நான் எழுதியதை அடித்துவிட்டு, தன் கையால் எழுதினார்: 'பாலத்தடி எனப்படும் இடம். அணையை ஒட்டிய பாலம் அன்று.' மேசை அறையைத் திறந்து உன் அட்டையை எடுத்துக் கொடுத்தார். நீ அதை முந்தானையில் முடிந்துகொண்டு, நன்றிகூடச் சொல்லாமல், "நாளைக்குக் கரைக்கு வாங்க சார், கட்லா தாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாய். வெளியே வந்த பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய்.

என் மூன்று மாதம் முடிந்தபோது வேலை நீளவில்லை. அந்தக் கடிதம் கோப்பில் இருந்தது. அதில் அநியாயம் ஒன்றுமில்லை. எழுதுவதற்கென்று எடுத்த ஆள் தப்பாக எழுதியிருக்கிறாள். ஊருக்குப் போகிற அன்று நீ மேட்டூர் பஸ் நிலையத்துக்கு வந்தாய். தலைக்குக் குளித்து, வெளுத்த சீலை கட்டியிருந்தாய். கூட்டத்தில் உன்னை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"எனக்கு எழுதிக் குடுத்து உன்ற வேலை போச்சு" என்றாய்.

"போனாப் போகுதுக்கா."

"போனாப் போகுதுன்னு சொல்லாத. போனது போனதுதான், அதச் சின்னதாக்காத. கண்ணாலம் பண்ணிக்கிட்டாலும் வேலைக்குப் போ. உனக்குத் தப்பு வந்தா ஒத்துக்கத் தெரியும். அப்படி ஆளு எத்தன பேரு ஆபீசுல இருக்கறாங்க?"

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவளைப் பார்த்து அதைச் சொன்னாய். அந்த இரண்டு நாளை மறந்துவிட்டாயா, அல்லது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். இதையும் கேட்கவில்லை.

பெண் பார்க்க வந்தவர்களிடம் வேலைக்குப் போவேன் என்று சொன்னேன். முதலில் வந்தவர்கள் எழுந்து போனார்கள். இரண்டாவதாக வந்தவர்களின் மகன்தான் என் வீட்டுக்காரர். பிறகு ஆசிரியப் பயிற்சி முடித்து, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடமாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். எண்பதுகளில் மூன்று முறை உன்னைப் பார்க்க வந்தேன். கடைசித் தடவை வந்தபோது உன் கண்கள் மஞ்சளாக இருந்தன. கீழாநெல்லி அரைத்துக் குடிப்பதாகச் சொன்னாய். பெரிய ஆஸ்பத்திரிக்கு வா என்றதற்கு, "வல காயட்டும், வாரேன்" என்றாய். அதற்குப் பிறகு வந்தது உன் மகளின் தபால் அட்டைதான். 'அம்மா தவறி இன்றோடு நாற்பது நாள் ஆகிறது' என்று உருண்டையான எழுத்தில் எழுதியிருந்தாள். உன் உரிம அட்டை இப்போது அவள் பேரில் இருக்கிறது என்றும், தம்பதியாகப் பாலத்தடிக்குப் போகிறார்கள் என்றும் எழுதியிருந்தாள். பாலத்தடி என்ற வார்த்தையை அவள் எந்த விளக்கமும் இல்லாமல் எழுதியிருந்தாள்.

வகுப்பில் பிள்ளைகள் ஏதாவது பேர் சொன்னால் நான் உடனே எழுதிக்கொள்வதில்லை. எது என்று கேட்கிறேன். அவர்களுக்கு அது கேலியாகிவிட்டது. பரவாயில்லை.

போன தை மாதம் கொளத்தூரில் ஒரு கல்யாணம். மேட்டூரில் பஸ் மாறி, வழியோரச் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோரத்தில் மடியில் பூக்கூடை வைத்துக்கொண்டு ஓர் அம்மா. கொஞ்ச தூரம் போனதும் நடத்துநர், "பாலம் எறங்கறவங்க முன்னால வாங்க" என்று குரல் கொடுத்தார்.

அந்த அம்மா அவசரமாக என் பக்கம் திரும்பி, "பாலம் வந்துருச்சுங்களா?" என்றார்.

"எந்தப் பாலமுங்க?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எந்தப் பாலமா? பாலம்னா பாலந்தானுங்க, இதென்ன கேள்வி" என்று சொல்லிக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நான் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு வழி விட்டேன். எனக்கு இன்னும் தூரம் இருந்தது.